அறத்திற்கும் தேர்வு வேண்டும்

2001ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள். பொழுது புலரும் வேளை. ஏர்வாடியில் மனநோயாளர் இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றிற்று. கடற்காற்று, காய்ந்த கீற்று, கேட்க வேண்டுமா? உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ 45 பேர். நெருப்பைக் கண்டால் எழுந்து ஓட வேண்டும் என்பது மனநோயாளர்க்கும் தெரியும். ஓடத் தெரிந்தது, ஓட முடியவில்லை. காலிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர்.

அன்று நான் கைக்குழந்தை. வளர்ந்து, கல்லூரியில் கலைப்பட்டம் பெற்று, இன்று இக்கடற்கரைப் பகுதியிலே பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் வரும்போது, பாடநூலில் இல்லாத இந்த வரலாற்றையும் சொல்லிவிட்டே மேலே செல்வது என் வழக்கம். சொன்னதும் ஏதேனும் ஒரு மாணவன் எழுந்து கேட்பான்: "அந்தச் சங்கிலியை அதுவரைக்கும் யாருமே பார்க்கலையா, சார்?"

பார்த்தார்கள். நாள்தோறும் பார்த்தார்கள். தர்காவுக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். சந்தனக்கூட்டுக்குத் திரண்டவர்கள் பார்த்தார்கள். பேய் பிடித்துவிட்டது என்று நம்பித் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தம் பிள்ளையை, தம் மனைவியை, தம் உடன்பிறந்தாளைக் கொண்டுவந்து ஒப்படைத்தவர்கள் பார்த்தார்கள். அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. அந்நாளில் தமிழ்நாட்டுக்கு அரசின் மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்று. அதுவும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அறியாமை ஒரு கையைப் பிடித்தது. ஏழைமை மறு கையைப் பிடித்தது. இரண்டும் சேர்ந்து நோயாளியை ஏர்வாடிக்கு இழுத்துவந்தன.

சட்டம் இல்லாமலா போயிற்று? இருந்தது. மனநலச் சட்டம் இயற்றப்பட்டது 1987இல். நடைமுறைக்கு வந்தது 1993இல். உரிமம் இன்றி இத்தகைய இல்லம் நடத்தலாகாது, அதிகாரிகள் வந்து பார்வையிட வேண்டும் என்றெல்லாம் அதிலே எழுதியிருந்தது. எழுத்து ஏட்டில் இருந்தது. சங்கிலி காலில் இருந்தது. தீக்குப் பின் ஒரே வாரத்தில், ஆகஸ்டு 13ஆம் நாள், இவ்வகை இல்லங்கள் யாவும் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, 2002 பிப்ரவரியில், மாவட்டந்தோறும் மனநல இல்லங்களைக் கணக்கெடுங்கள், உரிமம் உண்டா என்று பாருங்கள், சங்கிலியிடுவதை நிறுத்துங்கள் என்று ஆணையிட்டது. 2017இல் வந்த புதிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் எவரையும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று திட்டவட்டமாகக் கூறிற்று.

ஒரு வாரத்தில் முடிந்த வேலை எட்டாண்டில் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் கரு. பார்ப்பது வேறு, அளப்பது வேறு. வழிப்போக்கன் பார்வை இரக்கத்தோடு முடிந்துவிடும். அளக்கும் பொறுப்புடையவன் பார்த்தால், எழுத வேண்டும். எழுதியதை வெளியிட வேண்டும். வெளியிட்டதற்கு மறுமொழி கேட்க வேண்டும். அத்தகைய பார்வை நேரத்தே வந்து சங்கிலியை அறுத்திருந்தால் 28 உயிர் பிழைத்திருக்கும்.

கடைத்தெருவும் கொடைத்தெருவும்

ஏர்வாடி இல்லங்கள் நோயாளிகளின் குடும்பத்தார் தந்த காசில் நடந்தவை. வெளிநாட்டுக் கொடையில் நடந்தவை அல்ல. ஆயினும் இன்று கொடைப்பணத்தில் நடக்கும் தொண்டுகளுக்கும் அவற்றுக்கும் அமைப்பில் ஓர் ஒற்றுமை உண்டு. அதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கடைத்தெருவில் சொத்தைக் கத்தரிக்காய் விற்றவனிடம் மறுநாள் எவரும் செல்வதில்லை. வாங்கியவனே தின்கிறான், தின்றவனே முடிவு செய்கிறான். தொண்டிலே அப்படியன்று. காசு கொடுப்பவர் இலண்டனிலோ சென்னையிலோ இருக்கிறார். காயைத் தின்பவர் கடற்கரைச் சிற்றூரில் இருக்கிறார். கொடுத்தவர் தின்பதில்லை, தின்பவர் கொடுக்கவில்லை. "இலவசமாய் வந்ததைக் குறை சொல்லலாமா?" என்று பெறுபவர் வாய்மூடுகிறார். "நன்றாய் நடக்கிறது" என்று இடையில் நிற்பவர் எழுதி அனுப்புகிறார். அனுப்பிய எழுத்தைப் படித்துக் கொடுப்பவர் மகிழ்கிறார்.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியதே சார்பற்ற மதிப்பீடு. கொடுத்தவரும் அல்லாத, செய்தவரும் அல்லாத மூன்றாம் ஒருவர் வந்து, சொன்னது நடந்ததா, நடந்ததால் விளைந்தது என்ன, விளைந்ததை நுகர்ந்தவர் யார், விடுபட்டவர் யார் என்று ஆராய்ந்து கூறுவது. மேலைநாட்டார் நேற்றுக் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. கணக்குக் கேட்கும் வழக்கம் இம்மண்ணில் பழையது. அதன் குறைபாடும் பழையது.

உத்தரமேரூர் சொல்லும் பாடம்

கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்தரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் புகழாத மேடையில்லை. அக்கல்வெட்டுகளில் மற்றொரு விதி உண்டு. அதை எடுத்துச் சொல்வோர் குறைவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது. அவன் மட்டுமா? அவன் தந்தை வரலாகாது; மகன் வரலாகாது; உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், அம்மான் மக்கள் எவரும் வரலாகாது!

ஏன் இவ்வளவு நீண்ட பட்டியல்? உறவுக்காரன் உறவுக்காரனின் கணக்கைப் பார்த்தால் கண் மங்கும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சார்பின்மை என்னும் கோட்பாட்டைக் கல்லிலே வெட்டிவைத்தார்கள்.

ஆனால், போற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. அந்த அவை பார்ப்பனர்க்குக் கொடையளிக்கப்பட்ட ஊரின் அவை. வாரியத்துக்கு வர நிலம் வேண்டும். சொந்த மனை வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். ஏரியில் தூர்வாரியவனை, வயலில் இறங்கியவனை, நாற்று நட்ட பெண்ணைக் கூப்பிட்டு, "ஏரி வாரியம் உனக்கு ஒழுங்காய்த் தண்ணீர் விட்டதா?" என்று எவர் கேட்டார்? கணக்கு மேல்தட்டுக்குள் சுழன்றது. கீழே இருந்தவனின் வாக்குமூலம் அக்கணக்கில் ஏறவில்லை. மிகச் சிறந்த கணக்கும், பயனாளியின் குரல் இல்லையேல் பாதிக் கணக்கே.

இராமநாதபுரச் சீமையிலும் கொடைக்குப் பஞ்சமில்லை. சேதுபதிகள் கோயிலுக்கும் கொடுத்தனர், மடத்துக்கும் கொடுத்தனர், பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் கொடுத்தனர். கொடையைச் செப்பேட்டில் பொறித்தனர். கொடையால் விளைந்ததைப் பொறிக்க ஏடு ஏது?

அந்தக் கேள்வியை இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் சட்டமாக்கிக் கேட்டது நீதிக்கட்சி ஆட்சி. பனகல் அரசர் முதலமைச்சராயிருந்தபோது, 1925இல், இந்து சமய அறநிலையச் சட்டம் வந்தது. "கடவுளின் சொத்தில் கைவைக்கிறார்கள்" என்று கூக்குரல் எழுந்தது, வழக்குகள் எழுந்தன, 1927இல் சட்டத்தை மீண்டும் இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் கேட்டது கடவுளையன்று, கணக்கை. கொடுத்தவன் பெயரால், கொடையை ஆள்பவனை, இருவரும் அல்லாத ஒரு வாரியம் விசாரிக்கலாம் என்ற கொள்கை அன்று நிலைநாட்டப்பட்டது.

ஐம்பதுகளில் பிறந்த கண்

அடுத்த படி 1952. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்க உதவியோடும் ஃபோர்டு அறக்கட்டளையின் துணையோடும் 55 சமுதாய வளர்ச்சித் திட்டங்கள் இந்தியாவில் தொடங்கின. கிணறு, சாலை, விதை, உரம், பள்ளி என்று சிற்றூர்களை மாற்றிவிடுவது நோக்கம். அதே ஆண்டில் திட்டக்குழுவுக்குள் திட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. திட்டத்தை நடத்துவோர் ஒருவர், மதிப்பிடுவோர் வேறொருவர், இவர் அவர்க்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். உலக வங்கி இத்தகைய பிரிவொன்றைத் தனக்கென அமைத்துக்கொண்டது 1970இல்தான் என்பதை நினைத்தால் இதன் முன்னோடித் தன்மை விளங்கும்.

அந்த அமைப்பு முகமன் கூறவில்லை. மக்களின் பங்கு குறைவு என்றது. பயன் வசதியுள்ளோர் பக்கமே சாய்கிறது என்றது. அத்தகைய குறைகளின் தொடர்ச்சியாகவே 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளிடம் அதிகாரத்தை ஒப்படைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மதிப்பீடு உண்மை பேசிற்று. உண்மை ஒரு புதிய அமைப்புக்கு வழிகாட்டிற்று.

எல்லாக் காலத்திலும் இப்படி நடப்பதில்லை. 2014 பிப்ரவரியில் இந்திய அரசு சார்பற்ற மதிப்பீட்டு அலுவலகம் ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மூடிவிட்டது. கண்ணாடி முகத்தைக் காட்டும் வரையில் கண்ணாடிக்கு மதிப்பு. பருவைக் காட்டினால் உடைப்பு!

தராசும் மாமியாரும்

நல்ல மனத்தோடு செய்தாலே போதாதா, அளக்கவும் வேண்டுமா என்று கேட்பவர்க்காக ஒரு வரலாறு. நம் நாட்டில் தொடங்கி அயல்நாட்டில் முடிந்த வரலாறு.

1980இல், உலக வங்கிக் கடனோடு, மதுரை மாவட்டத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். எடை தளர்ந்த குழந்தைக்குச் சில காலம் சத்துமாவு, தாய்க்கு அறிவுரை. எடை தேறியதும் மாவு நிற்கும். கடுமையான ஊட்டக்குறைவு நன்கு குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் மாநிலமெங்கும் வந்துவிட்டது. தேறிய குழந்தை எதனால் தேறியது? இதனாலா, அதனாலா? திட்டம் நடந்த ஊரை நடக்காத ஊரோடு ஒப்பிட்டால் அன்றி விடை கிடைக்காது. மதிப்பீடு என்பது கருணைக்கு எதிரானதன்று, கருணைக்குக் கணிதம் கற்பிப்பது என்பதை இங்கே காணலாம்.

தமிழ்நாட்டில் வென்றது வங்காள தேசத்திலும் வெல்லும் என்று 1995இல் அதே முறையை அங்கே கொண்டுசென்றார்கள். பிராக் முதலிய தொண்டு நிறுவனங்கள் ஊர்தோறும் பணியாற்றின. பெரும் வெற்றி என்று அறிவிப்பும் வந்தது. 2003இல் பிரித்தானியாவின் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு தனியே ஆராய்ந்து, திட்டம் நடந்த ஊர்க்கும் நடவாத ஊர்க்கும் குழந்தைகளின் நலிவில் பெரிய வேறுபாடு காணோம் என்று கூறிற்று. வாதம் மூண்டது. உலக வங்கியின் மதிப்பீட்டுத் துறையே மீண்டும் ஆராய்ந்து 2005இல் அறிக்கை தந்தது. பயன் உண்டு, ஆனால் சொன்ன அளவில் இல்லை!

ஏன்? அறிவுரை முழுவதும் தாய்க்குச் சொல்லப்பட்டது. வங்காள தேசத்துச் சிற்றூரில் சந்தைக்குப் போவது ஆண். கூட்டுக் குடும்பத்தில் சோறு பங்கிடுவது மாமியார். தாயின் மனத்தில் ஏறிய அறிவு பிள்ளையின் தட்டில் இறங்கவில்லை. திட்டம் தீட்டியவர்களிடம் நல்லெண்ணம் இருந்தது, பணம் இருந்தது, தராசும் இருந்தது. அந்த வீட்டு அடுப்படியில் ஆட்சி யாருடையது என்ற ஒரே ஒரு செய்தி இல்லை. அதைக் கண்டு சொன்னது மதிப்பீடு. சொல்லாமல் விட்டிருந்தால், மாமியார் இருக்கும் வீடுகளில் இளம் மருமகள்களுக்கு அறிவுரை சொல்லியே இன்னும் பல கோடி செலவாகியிருக்கும்.

பேரலையும் பெருங்கொடையும்

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை. இலங்கைத் தீவு அரணாய் நின்றதால் இராமநாதபுரக் கரை பெரும்பாலும் தப்பிற்று, நாகை அழிந்தது. தமிழ்நாட்டில் மாண்டோர் ஏறத்தாழ 8,000. அவருள் நாகை மாவட்டத்தார் மட்டும் 6,000க்கு மேல்.

அலைக்குப் பின் மற்றோர் அலை வந்தது. அது கொடை அலை. உலகெங்கும் திரண்ட தொகை ஏறத்தாழ 1,350 கோடி டாலர். அதில் 550 கோடி டாலர் பொதுமக்கள் மனமுவந்து கொடுத்தது. மனித குலத்தின் பெருமை என்று இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருமை எப்படிப் பங்கிடப்பட்டது?

இங்கே பத்தாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1994இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டில் இனப்படுகொலை நடந்தது. அகதி முகாம்களில் தொண்டு நிறுவனங்கள் குவிந்தன, ஒன்றோடொன்று மோதின, சில நன்று செய்தன, சில தீது செய்தன. கொடை நாடுகள் கூடி ஒரு கூட்டு மதிப்பீட்டை நடத்தி 1996இல் வெளியிட்டன. அது தொண்டுலகை உலுக்கிற்று. மறு ஆண்டே, மதிப்பீட்டைக் கற்கவும் பரப்பவும் இலண்டனில் 'அல்னாப்' என்ற வலையமைப்பு தோன்றியது. அந்தப் பயிற்சியின் பயனாகவே, பேரலைக்குப் பின் நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து ஆழிப்பேரலை மதிப்பீட்டுக் கூட்டணியை அமைத்தன. 2006, 2007ஆம் ஆண்டுகளில் அதன் அறிக்கைகள் வெளிவந்தன.

அவை சொன்னது என்ன? பேரலையால் பாதிக்கப்பட்டவர் ஒருவர்க்குச் சராசரியாகக் கிடைத்தது 7,100 டாலருக்கும் மேல். அதே 2004இல் வங்காள தேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்க்குச் செலவானது தலைக்கு 3 டாலர்! இருவர் கண்ணீரும் ஒரே உப்புத்தான். தொலைக்காட்சி காட்டிய கண்ணீருக்கு ஒரு விலை. காட்டாத கண்ணீருக்கு வேறு விலை. முதல் நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியவர்கள் விமானத்தில் வந்தவர்கள் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர்களே என்றும் அறிக்கை சொன்னது. வந்தவர்கள் உள்ளூராரை ஒதுக்கிவிட்டுத் தாமே செய்ய முனைந்தனர் என்றது. அவர்கள் தம் மக்கட்கு விடைசொல்வதைவிடத் தம் கொடையாளர்க்கு விடைசொல்வதிலேயே கருத்தாயிருந்தனர் என்றும் குறிப்பிட்டது.

தமிழ்நாட்டுக் கரையில் இதன் சின்னம் ஃபைபர் படகு. படகு கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் தொண்டு, கொடுத்தவர் பெயரை அணியத்தில் எழுதலாம், படம் பிடிக்கலாம். ஆகவே படகு குவிந்தது, முன்னிருந்ததைவிட மிகுந்தது. கடலில் மீன் மிகவில்லையே! படகுடையோர்க்குப் படகு வந்தது. படகில் கூலிக்குச் சென்றவன், கூடை சுமந்து மீன் விற்ற பெண், உப்பேறிய வயலை நம்பியிருந்த தாழ்த்தப்பட்ட கூலி, கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர் ஆகியோர் பட்டியலின் வெளியே நின்றனர். நாகையில் சினேகாவும் தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்து, யாருக்கு எது வந்தது, யாருக்கு வரவில்லை என்று கணக்கெடுக்க முயன்றது நன்முயற்சி. ஆனால் கணக்கு, படகுகள் கரைக்கு வரும்முன் எடுக்கப்பட்டிருக்க வேண்டாவா?

நான் கண்ட மதிப்பீடு

வரலாற்றை விட்டுக் கண்ணால் கண்டதற்கு வருகிறேன். இக்கரையில் ஒரு சிற்றூர். கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் மிகுந்த ஊர். தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவான பின்னர் அவர்களுடைய தொழில் நெருக்கடிக்குள்ளாயிற்று. மாற்றுத் தொழில் என்று ஒரு தொண்டு நிறுவனம் வீட்டுக்கு இரண்டு வெள்ளாடு கொடுத்தது. திட்டம் முடிந்ததும் மதிப்பிட ஓர் அம்மையார் வந்தார். ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர். மொழிபெயர்க்க ஆசிரியராகிய என்னை அழைத்தார்கள்.

யாரைச் சந்திப்பது என்று முன்பே பட்டியல் போட்டிருந்தது, ஆடு கொடுத்த நிறுவனமே. நிழற்பந்தல் போட்டிருந்தது அந்த நிறுவனமே. வந்தவரின் கட்டணத்தைக் கொடுத்ததும் அந்த நிறுவனமே. பந்தலில் ஐந்து பெண்கள், பக்கத்தில் கொழுத்த ஆடுகள். "பயனுள்ளது" என்றார்கள் ஐவரும், நான் மொழிபெயர்த்தேன். ஒரு மணி நேரம் ஆகவில்லை. வண்டி புறப்பட ஆயத்தம். அப்போது வேலி ஓரத்தில் நின்ற ஒரு மூதாட்டி என்னை அருகழைத்தார். கோடையில் மேய்ச்சல் இல்லை. தழை விலைக்கு வாங்கக் காசில்லை. தம் ஆட்டை மூன்றாம் மாதமே விற்றுக் கடன் அடைத்துவிட்டாராம். அந்தத் தெருவில் பலரும் அப்படியேயாம். பிறகு கேட்டார்: "எழுதிக்கிட்டுப் போறாகளே சார், எங்களைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்காகன்னு எங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?"

நான் அந்த அம்மையாரிடம் ஓடிச் சொன்னேன். அவர் தீயவர் அல்லர். குறித்துக்கொண்டார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கடல் கடந்து சென்றது. ஊருக்குத் திரும்பி வரவில்லை. என் வாய் வழியாகச் சென்ற ஐந்து பேரின் "பயனுள்ளது" மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. முன்பே வேலியோரம் சென்று கேட்டிருக்க வேண்டியவன் நானும்தான்.

பொதுத்தேர்வில் நாங்கள் என்ன செய்கிறோம்? என் மாணவன் விடைத்தாளை நான் திருத்துவதில்லை. அது வேறிடம் செல்கிறது. தாளிலே பெயர் இல்லை, பதிவெண்ணும் மறைக்கப்படுகிறது. ஆசிரியர்கள் யாவரும் கள்வர் என்பதாலா இந்த ஏற்பாடு? இல்லை. அன்பு கண்ணை மறைக்கும் என்பதால். மதிப்பெண் வெளியானதும் மாணவன் தன் விடைத்தாளின் நகலைக் கேட்டுப் பெறவும் முடிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஒரு பாடத்துக்கு இவ்வளவு காவல். ஓர் ஊரின் பிழைப்பைத் தொடும் திட்டத்துக்கு ஒரு பந்தலும் ஒரு மணி நேரமுமா?

மறுப்புகளும் மறுமொழியும்

"நாலு பேர் நல்லது செய்கிறார்கள், அவர்களையும் கேள்வி கேட்டு விரட்டுவதா?" என்பார் சிலர். நல்லது செய்பவர் கேள்விக்கு அஞ்சுவதில்லை. தோற்றதை மறைக்காமல் சொன்ன திட்டம் அடுத்த திட்டத்துக்கு ஆசான் ஆகிறது.

"அரசுதான் சட்டம் போட்டிருக்கிறதே" என்பார் வேறு சிலர். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல் நெருக்கடிக் காலத்தில் வந்தது, 2010இல் புதிதாயிற்று, 2020இல் மேலும் இறுகிற்று, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50இலிருந்து 20 ஆயிற்று. அச்சட்டம் பணம் எங்கிருந்து வந்தது, எந்தக் கணக்கில் ஏறியது என்று கேட்கிறது. மூதாட்டியின் ஆடு என்னாயிற்று என்று கேட்பதில்லை. காவலர் வேலை வேறு. மதிப்பீட்டாளர் வேலை வேறு. அன்றியும், தன்னைக் குறைகூறும் தொண்டு நிறுவனத்தை மட்டும் சோதிக்கும் அரசின் பார்வை சார்பற்ற பார்வை ஆகாது. அரசின் இல்லமும் இதே தராசில் ஏறத்தான் வேண்டும்.

"ஊர்மக்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியுமா?" என்பது மூன்றாம் மறுப்பு. 1994 முதல் இராசத்தானத்தின் சிற்றூர்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் திறந்த வெளியில் மக்களைக் கூட்டி, கூலிப் பட்டியலை உரக்கப் படித்தது. செத்தவர் பெயரில் கூலி! ஊரில் இல்லாதவர் பெயரில் கூலி! எழுத்தறியாதவர்கள் காதால் கேட்டே கண்டுபிடித்தார்கள். அந்த முழக்கத்தின் தொடர்ச்சியே 2005இன் தகவல் உரிமைச் சட்டம். அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று விதித்தது. படிக்கத் தெரியாதவர்க்குக் கணக்குத் தெரியாது என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை!

இளைஞர் செய்யத் தக்கது

உங்கள் ஊரில் எந்தத் தொண்டு நிறுவனத் திட்டப் பலகையைக் கண்டாலும் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பிடுபவரைத் தேர்ந்தெடுத்துக் கூலி கொடுப்பவர் யார்? அவர் யாரைச் சந்திப்பார் என்பதை முடிவு செய்பவர் யார்? திட்டத்துக்கு முன்னிருந்த நிலையும், திட்டம் தொடாத பக்கத்து ஊரின் நிலையும் அளக்கப்பட்டனவா? அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, சனவரி 26 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபை ஒன்றில் வாசிக்கப்படுமா?

விடை கிடைக்கும் வரை கேளுங்கள். பண்போடு கேளுங்கள், விடாமல் கேளுங்கள். கல்லூரியில் படித்த தோழர்கள் ஆங்கில அறிக்கையைத் தேடிப் பெற்றுத் தமிழாக்கி, ஒரு மாலைப்பொழுதில் கடற்கரை மணலில் அமர்ந்து படித்துக்காட்டுங்கள். "இதுல இருக்கிறது நெசமா?" என்று அந்தப் பெண்களையே கேளுங்கள். அவர்கள் சொல்வதை அறிக்கை எழுதியவர்க்கும் பணம் கொடுத்தவர்க்கும் எழுதி அனுப்புங்கள். இதற்குப் பதவி வேண்டா, பணமும் வேண்டா.

நான் அந்த ஆட்டுத் திட்டத்தின் அறிக்கையைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் விடை வரவில்லை. மீண்டும் எழுதுவேன். அறிக்கை வந்ததும் முதலில் அந்த மூதாட்டியின் வேலியோரத்துக்குப் போய் வாசித்துக் காட்டுவதாக அவரிடம் வாக்களித்திருக்கிறேன்.

அந்தக் கொட்டகையில் கிடந்தவர்களிடம் மட்டும் எந்த அறிக்கையையும் வாசித்துக் காட்ட முடியாது. அவர்களைப் பற்றி முழுமையாக எழுதப்பட்ட முதல் ஏடு, அவர்கள் சாம்பலான பின்னர் எழுதப்பட்டது. இனி ஏர்வாடியிலோ வேறெங்கோ, ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவரை அணுகி, "உமக்கு இங்கே நடப்பது நன்மைதானா?" என்று, அவருக்குச் சோறு போடுபவர் கேளாத தொலைவில் நின்று கேட்கும் வழக்கம் வரட்டும். அந்தக் கேள்வி சென்ற இடங்களில் சங்கிலி நெடுநாள் நிலைக்காது.